சுருளில் இருக்கும் சுகம்

தம்புள்ளை மலையேறி, முதலாவது குகைக்குள் தலையைக் குனிந்து நுழைந்தால், படுத்திருக்கும் புத்தரின் முகமும் பாதமும் ஒரே பார்வைக்குள் அடங்காது. குகை ஒடுக்கம், சிலையோ 14 மீற்றர். சுவரோரமாக நடந்துதான் தலைமாட்டிலிருந்து கால்மாட்டுக்குப் போக வேண்டும். மலையின் பாறையிலேயே செதுக்கியதால் உடல், தலையணை, படுக்கை மூன்றும் ஒரே கல்.

அங்கிருந்து ஏறக்குறைய எழுபது கிலோமீற்றர் தள்ளிப் பொலன்னறுவையில் இன்னொரு சிலை படுத்திருக்கிறது. 12ஆம் நூற்றாண்டில் பராக்கிரமபாகு மன்னன் காலத்துக் கல் விகாரை. அதுவும் ஏறக்குறைய அதே நீளம். அங்கே போகிறவர்கள் முகத்தின் அமைதியைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். தலையணையையும் ஒரு நிமிடம் பாருங்கள். தலை அழுந்தும் இடத்தில் கல் தலையணை மெல்லப் பள்ளம் விழுந்திருக்கும். அந்தச் சிற்பி தலைக்குக் கனத்தையும் தலையணைக்கு இளக்கத்தையும் ஒரே உளிவேலையில் கொடுத்துவிட்டான். மென்மை என்றால் என்ன என்று இயற்பியல் படித்தவர்களிடம் கேட்டாலும் அதற்கு மேல் அதிகம் சொல்லிவிட முடியாது. கனம் பட்ட இடத்தில் பட்ட அளவுக்கு விட்டுக்கொடுப்பதே மென்மை.

மெத்தைக்கு இது பாதி இலக்கணம்தான். களிமண்ணும் விட்டுக்கொடுக்கும், எழுந்த பிறகு பள்ளம் அப்படியே கிடக்கும். நல்ல மெத்தை விட்டுக்கொடுக்கவும் வேண்டும், நாம் எழுந்ததும் பழைய நிலைக்கு மீளவும் வேண்டும். பத்து வருடம், இரவுதோறும், பக்கம் மாறிப் படுக்கும் ஒவ்வொரு தடவையும் அதைச் செய்ய வேண்டும். சொகுசு மெத்தை என்று விலைச்சீட்டில் என்ன எழுதியிருந்தாலும், நாம் காசு கொடுப்பது இந்த மீளும் குணத்துக்குத்தான். இரும்பிலும் தும்பிலும் ஆட்டு மயிரிலும் இறப்பர் பாலிலும் அந்தக் குணம் ஒரே வடிவத்திலிருந்துதான் வருகிறது. அந்த வடிவம் சுருள்.

முதலில் கல்லிலேயே படுத்துப் பார்ப்போம். தம்புள்ளை மலையைச் சுற்றியிருக்கும் குகைகளில் கி.மு. நூற்றாண்டுகளிலேயே பிக்குகள் வாழ்ந்தார்கள். மழைநீர் உள்ளே வழியாதபடி குகை விளிம்பில் வெட்டிய காடியும், அதன் கீழ் பிராமி எழுத்தில் பொறித்த தானக் கல்வெட்டுகளும் இன்றும் இருக்கின்றன. கடலுக்கு அந்தப் பக்கம் புதுக்கோட்டைச் சித்தன்னவாசலில், ஏழடிப்பட்டம் என்ற குன்றுக் குகையில் சமணத் துறவிகளின் 17 கற்படுக்கைகள் உள்ளன. வழவழப்பாகத் தேய்த்து, தலைமாட்டைக் கொஞ்சம் உயர்த்தி வைத்திருக்கிறார்கள். உலக சுகத்தை விட்டு வந்தவர்களுக்கும் தலைக்கு ஒரு மேடு தேவைப்பட்டிருக்கிறது.

கல்லில் மல்லாந்து படுத்தால் உடலின் எல்லாப் பாகமும் கல்லைத் தொடாது. பின்தலை, தோள்பட்டை எலும்புகள், இடுப்பின் பின்னெலும்பு, குதிகால்கள் என்று சில இடங்களே முழுப் பாரத்தையும் ஏற்கும். 60 கிலோ எடையுள்ள ஒருவர் மொத்தமாக 0.05 சதுர மீற்றரில் மட்டும் தாங்கப்பட்டால், அதாவது ஐந்தாறு உள்ளங்கை அகலத்தில், அழுத்தம் ஏறக்குறைய 88 மில்லிமீற்றர் இரசம். அதே ஆள் 0.33 சதுர மீற்றரில் பரவிக் கிடந்தால் வெறும் 13. இது எளிய வகுத்தல் கணக்குத்தான். ஆனால் 1930இல் லண்டிஸ் என்ற உடலியலாளர் விரல் நகக்கண்ணின் நுண்குழாய்களில் அளந்தபோது, குருதி உள்ளே வரும் முனையில் கண்ட சராசரி அழுத்தம் 32 மில்லிமீற்றர் இரசம். அதைவிட மிகக் கூடிய பாரம் ஓர் இடத்திலேயே நெடுநேரம் நின்றால் அங்கே குருதி ஓட்டம் தடைப்படும், சதை மரத்துப்போகும், உடல் தூக்கத்திலேயே புரண்டுகொள்ளும். கல்லில் படுத்தவர் விடியும்வரை புரள்வதற்குக் காரணம் இது. மெத்தையின் முதல் வேலை அந்த 88ஐப் பரப்பிக் குறைப்பது.

அந்தப் பரப்பும் வேலைக்கு எதையெல்லாம் பயன்படுத்தலாம் என்பதற்கு நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய பட்டியல்களில் ஒன்று, மாத்தளை மாவட்டத்தில்தான் ஏட்டில் ஏறியது. மாத்தளை நகரத்துக்குச் சற்று வடக்கே, தம்புள்ளைக்கு வரும் அதே ஏ9 வீதியோரம், அலுவிகாரை. வாய்மொழியாக வந்த பாளித் திரிபிடகம் கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், அங்கேதான் எழுதிவைக்கப்பட்டது என்பது மரபு. அரசை இழந்து ஒளிந்து திரிந்த காலத்தில் தனக்கு அடைக்கலம் தந்த தம்புள்ளைக் குகைகளைப் பின்னர் விகாரையாக்கினான் என்று சொல்லப்படும் அதே வலகம்பா.

திரிபிடகத்தின் ஒரு பகுதியான விநயத்தில், துறவிகளின் மெத்தைக்குள் அடைக்கக்கூடியவை ஐந்து என்று வருகிறது: உரோமம், துணி, மரப்பட்டை, புல், இலை. பஞ்சு அந்த ஐந்தில் இல்லை. கட்டிலிலோ பீடத்திலோ பஞ்சு திணித்திருந்தால் அதைப் பிய்த்தெடுத்துவிட வேண்டும் என்று தனியே ஒரு விதியே உண்டு. பிய்த்த பஞ்சை வீணாக்காமல் தலையணைக்கு வைத்துக்கொள்ளலாம். மரப்பஞ்சு, கொடிப்பஞ்சு, புற்பஞ்சு மூன்றும் சம்மதம். தலையணைக்கு ஆகும் பஞ்சு மெத்தைக்கு ஆகாது! இன்றைக்கும் போயா நாளில் சில் எடுக்கிறவர்கள் உயரமான, சொகுசான படுக்கையைத் தவிர்க்கிறார்கள். எது சொகுசு என்பதை அந்தக் காலத்து மனிதர்கள் கூர்மையாக அறிந்திருந்தார்கள் என்பதே எனக்கு வியப்பு. உரோமத்தை அனுமதித்தவர்கள் மரப்பஞ்சை ஏன் விலக்கினார்கள்? விதியின் நோக்கம் துறவு. ஆனால் மரப்பஞ்சு மற்ற ஐந்தையும்விட மிருதுவானது என்பதைத் தொட்டுப் பார்த்தவர்கள்தான் அந்தக் கோட்டைப் போட்டிருக்க முடியும்.

இலவங்காய் வெடிக்கும் பருவத்தில் ஒரு காயை உடைத்துப் பாருங்கள். பட்டுப்போல வழுக்கும் வெண்பஞ்சு விரலில் ஒட்டாது, ஊதினால் பறக்கும். நுண்நோக்கியில் வைத்தால் ஒவ்வொரு இழையும் குழாய்; மெல்லிய சுவர், உள்ளே முழுக்கக் காற்று. வெளியே மெழுகுப் பூச்சு இருப்பதால் தண்ணீர் உள்ளே புகாது. அதனால்தான் இரண்டாம் உலகப் போர்க் காலம்வரை கப்பல்களின் உயிர்காப்புச் சட்டைகளுக்குள் இலவம்பஞ்சை அடைத்தார்கள். பருத்தி இழைக்கு இயல்பாகவே ஒரு முறுக்கு உண்டு, அதனால் நூலாகத் திரிக்கலாம். இலவுக்கு அந்த முறுக்கு இல்லை, வழுக்கும், நூலாகாது. இலவு காத்த கிளிக்கு ஏமாற்றமாகப் போனது மனிதருக்குப் படுக்கையாயிற்று.

ஆனால் முறுக்கில்லாத அந்தக் குறை படுக்கையிலும் தொடர்கிறது. காற்றுக் குழாய்கள் நசுங்கினால் தாமாக நிமிர்வது கடினம். ஓரிரு வருடத்தில் பஞ்சு கட்டிபடும், முறிந்து தூளாகும், இடுப்பு விழும் இடம் மட்டும் பள்ளமாகும். வெயிலில் போட்டு ஈரத்தை விரட்டி, பிரித்து, பன்னி, மறுபடி அடைக்க வேண்டும். எங்கள் அம்மம்மா வீட்டில் இது ஆண்டுக்கு ஒரு தடவை நடக்கும் வேலை. முற்றமெல்லாம் பஞ்சு பறக்கும், பிள்ளைகளுக்குத் தும்மல் வரும், அன்றிரவு மெத்தை ஒரு சாண் உயர்ந்திருக்கும். இலவு விட்டுக்கொடுப்பதில் முதலிடம்; மீள்வதில் கடைசி.

சுருளின் வேலை இங்கே தொடங்குகிறது. நேரான உருக்குக் கம்பி ஒன்றை நிறுத்தி மேலே அழுத்துங்கள். அது குறுகாது, ஒரு கட்டத்தில் வளைந்து விலகும். அதே கம்பியைச் சுருட்டி அழுத்தினால் மெதுவாக இறங்கும், விட்டதும் எழும். கம்பி மாறவில்லை, இரும்பு இளகவில்லை. சுருளை அழுத்தும்போது கம்பியின் ஒவ்வொரு சிறு துண்டும் தன் அச்சில் சற்றே முறுகுகிறது. மீற்றர் கணக்கான கம்பி நெடுக அந்தச் சிறுமுறுக்கு பங்கிடப்படுவதால், எந்தத் துண்டும் தன் எல்லையை மீறுவதில்லை. கடினமான பொருளிலிருந்து மென்மையான நடத்தையை வாங்கும் வித்தை அது.

பாரம் இரட்டித்தால் இறக்கமும் இரட்டிக்கும் என்ற விதியை ரொபர்ட் ஹூக் 1676இல் எழுத்துகளைக் கலைத்துப்போட்ட புதிராக வெளியிட்டு, 1678இல்தான் அவிழ்த்துச் சொன்னார். சுருளைக் கட்டிலுக்குக் கொண்டுவர இரண்டு நூற்றாண்டு ஆயிற்று. ஸ்பிரிங் மெத்தையின் தொடக்கத்தை வழக்கமாக 1871இல் ஜெர்மனியின் வெஸ்ட்பால் என்பவரிடம் சொல்வார்கள். அன்றைய முறையில் சுருள்கள் எல்லாம் கம்பியால் ஒன்றோடொன்று கட்டப்பட்டவை. ஒருவர் புரண்டால் பக்கத்தில் படுத்தவரும் ஆடுவார். 1900ஐ ஒட்டிக் கனடாவில் ஜேம்ஸ் மார்ஷல் ஒவ்வொரு சுருளையும் தனித்தனித் துணிப்பைக்குள் போட்டுத் தைத்தார். இன்று கடைகளில் பொக்கட் ஸ்பிரிங் என்று கேட்பது அதைத்தான். தோள் விழும் இடத்துச் சுருள் மட்டும் இறங்கும். இடுப்பின் சுருளுக்கு அது தெரியாது. பொலன்னறுவைச் சிற்பி தலையணையில் செய்த காரியத்தை இரும்பு செய்வது இப்படி.

விற்பனையாளர்கள் ஆயிரம் சுருள், இரண்டாயிரம் சுருள் என்று எண்ணிக்கை சொல்வார்கள். அதைவிட முக்கியமான ஒன்று கம்பியின் தடிப்பு. சுருளின் விறைப்பு கம்பி விட்டத்தின் நான்காம் அடுக்கில் ஏறும். மற்ற அளவுகள் எல்லாம் அப்படியே இருக்க, 1.8 மில்லிமீற்றர் கம்பி 2 மில்லிமீற்றர் ஆனாலே விறைப்பு ஒன்றரை மடங்காகிவிடும். 2.2 ஆனால் இரட்டிப்புக்கும் மேல். நகக்கண் அளவுகூட இல்லாத வித்தியாசம் படுக்கையில் உங்கள் தோளுக்குத் தெரியும். மெலிந்த உடலுக்கு மெல்லிய கம்பி, கனத்த உடலுக்குத் தடித்த கம்பி. இதைச் சொல்லத் தெரியாத கடையில் எண்ணிக்கையைக் கேட்டுப் பயனில்லை.

இனித் தும்பு. இந்த அத்தியாயத்தை எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே தும்பினால்தான்.

தம்புள்ளையில் ஏ9 வீதியை ஏ6 வீதி சந்திக்கிறது. அந்த ஏ6இல் தென்மேற்காகப் போனால் குருநாகல். குருநாகல், புத்தளம், கம்பஹா மூன்றும் சேர்ந்ததுதான் இலங்கையின் தென்னை முக்கோணம். தேங்காய் உரித்த பொச்சுகளை ஊறவைத்து, முள்ளாணிகள் பதித்த சுழலும் உருளைகளில் கொடுத்துக் கிழிப்பார்கள். நீண்ட விறைப்பான தும்பு தனியாக வரும். அது தூரிகைக்கும் தும்புத்தடிக்கும் போகும். உருளையில் கழிந்து விழும் குட்டைத் தும்பைச் சலித்துக் காயவைத்து எடுப்பார்கள். ஏற்றுமதிச் சந்தையில் அதற்குப் பெயரே மெத்தைத் தும்பு.

தென்னந்தும்பில் பத்தில் நான்கு பங்குக்கு மேல் இலிக்னின் இருக்கிறது. மரத்தை மரமாக நிறுத்திவைக்கும் பொருள் அது. பருத்தியில் அது இல்லையென்றே சொல்லலாம். கடலில் மிதந்து கரை தேடும் காய்க்குக் கவசமாக வளர்ந்த நார், உப்பு நீரிலும் எளிதில் உளுக்காது. விறைப்பு, நீடிப்பு, ஈரம் தாங்கும் குணம் எல்லாம் இருக்கிறது. ஒன்று மட்டும் குறை: அது நேராக இருக்கிறது. நேரான நார்களை அடுக்கினால் வைக்கோற் கட்டுப் போலப் படிந்துவிடும்.

அதற்குத் தும்புத் தொழிலில் கண்ட வழி எனக்கு ஒவ்வொரு முறையும் மகிழ்ச்சி தருவது. தும்பை முறுக்கிக் கயிறாக்குவார்கள். அந்தக் கயிறு எதையும் கட்டுவதற்கல்ல. முறுக்கிய நிலையிலேயே சில காலம் கிடக்கவிட்டு, பிறகு அத்தனை கயிற்றையும் பிரித்துக் கலைத்துவிடுவார்கள். இரவு இறுக்கிப் பின்னிய ஈரத் தலைமயிரைக் காலையில் அவிழ்த்தால் அலையலையாக நிற்குமே, அதே வேலைதான். ஈரத்தில் இளகிய பிணைப்புகள் காயும்போது புதிய வடிவத்தில் பூட்டிக்கொள்கின்றன. கயிறு போய்விடும், முறுக்கு நாரில் தங்கிவிடும். பிரித்த தும்பில் ஒரு நாரை எடுத்து இரு நுனியையும் பிடித்து இழுங்கள். நேராகும். ஒரு நுனியை விடுங்கள். சுருண்டு வந்து விரலில் முட்டும். தலைமயிரைவிடச் சில மடங்கு தடித்த, பொன்பழுப்பு நிறத்து ஸ்பிரிங் அது. ஐரோப்பாவில் குதிரை மயிரையும் இதே போலக் கயிறாக்கி, அவித்து, பிரித்துத்தான் உயர்ந்த மெத்தைகளில் அடைத்தார்கள். வெவ்வேறு கண்டத்துக் கைகள் ஒரே உபாயத்துக்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

சுருண்ட தும்பைப் பாளமாகப் பரப்பி, இறப்பர் பாலைத் தெளித்து, அழுத்திச் சூடாக்கினால் நாரும் நாரும் தொடும் புள்ளிகளில் மட்டும் இறப்பர் பிடித்துக்கொள்ளும். கன மீற்றருக்கு 60 முதல் 100 கிலோ வரைதான் அதன் எடை. தும்புக்குத் தண்ணீரைப் போன்ற அடர்த்தி என்று வைத்துப் பாருங்கள்: பாளத்தில் பத்தில் ஒன்பது பங்கோ அதற்கு மேலோ வெறும் காற்று. ஸ்பிரிங் மெத்தையில் இந்தப் பாளம் நேரே சுருள்களின் மேல் உட்காரும். கம்பி முனை உடலில் உறுத்தாமல் காக்கும், ஒரு சுருளின் தள்ளலை அக்கம்பக்கத்துக்குச் சற்றே பங்கிடும், காற்றை மறிக்காது.

இறப்பரின் சுருளைக் கண்ணால் காண முடியாது. 1876இல் விக்ஹாம் என்பவர் பிரேசிலிலிருந்து கொண்டுபோன இறப்பர் விதைகள் லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்தன. அவற்றில் ஏறக்குறைய 1,900 கன்றுகள் அதே ஆண்டு இலங்கைக்கு வந்தன. கம்பஹாவின் ஹெனரத்கொடைத் தோட்டத்தில் நட்டவை அவைதான். அந்த மரத்தின் பாலில் மிதப்பது ஐசோப்பிரீன் என்ற சிறு கண்ணி ஆயிரக்கணக்கில் கோத்த நெடுஞ்சங்கிலி. தன்பாட்டில் விட்டால் அது கலைந்த நூலுண்டை போலச் சுருண்டு கிடக்கும். இழுத்தால் நேராகும், வெப்பத்தால் சதா அதிரும் கண்ணிகள் அதை மறுபடி சுருட்டிவிடும். உருக்கு மீள்வது அணுக்கள் தம் இடத்துக்குத் திரும்புவதால். இறப்பர் மீள்வது சங்கிலிகள் ஒழுங்கில் நிற்க மறுப்பதால். வீட்டிலேயே சோதிக்கலாம்: தடித்த இறப்பர் பட்டி ஒன்றை மேலுதட்டில் வைத்துக்கொண்டு சட்டென இழுங்கள், சூடு தெரியும், சற்றுப் பொறுத்துத் தளர்த்துங்கள், குளிரும். 1805இல் இதை எழுதிவைத்த ஜோன் கஃப் கண்பார்வை இல்லாதவர். உதட்டால் கண்டுபிடித்தார்.

சங்கிலிகள் ஒன்றையொன்று வழுக்கிப் போகாமல் கந்தகத்தால் முடிச்சுப் போட 1839இல் குட்இயர் வழி கண்டார். பாலை நுரையாக அடித்து மெத்தையாக்குவது 1929இல் இங்கிலாந்தின் டன்லொப் நிறுவனத்தில் தொடங்கியது.

ஆட்டு மயிரும் சுருள்தான். அதன் இழையில் இரண்டு பாதிகள் ஒட்டி வளர்கின்றன. இரண்டும் ஒரே மாதிரிச் சுருங்குவதில்லை, ஆகவே இழை தானே அலையலையாக வளைகிறது. ஆனால் தம்புள்ளை வெயிலில் கம்பளி மெத்தையா என்று கேட்பவரை நான் குறை சொல்லமாட்டேன். அதற்கு இரவின் கணக்கைப் பார்க்க வேண்டும்.

தம்புள்ளை உலர் வலயம். வடகீழ்ப் பருவமழை தவிர்ந்த மாதங்களில் பாறை பகலெல்லாம் காய்ந்து, இரவில் அந்தச் சூட்டை வெளியே விடும். புழுக்கத்தில் தூங்க முடியாததற்குக் காரணம் எளிது: தூக்கம் பிடிக்க உடலின் உட்சூடு சற்று இறங்க வேண்டும், அந்தச் சூடு தோல் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். வேர்க்காத இரவிலும் தோலும் மூச்சும் சேர்ந்து எட்டு மணி நேரத்தில் 200 முதல் 300 மில்லிலீற்றர் தண்ணீரை ஆவியாக விடும். வேர்த்தால் இன்னும் அதிகம். முதுகுப் பக்கத்து ஆவிக்கு மெத்தையை விட்டால் வேறு வழியில்லை.

காற்றில் 65 வீத ஈரப்பதன் இருக்கும்போது கம்பளி தன் உலர்ந்த எடையில் ஏறக்குறைய 16 வீதம் ஈரத்தை இழைக்குள்ளேயே வைத்திருக்கும். பருத்தி 8 வீதம் அளவில். பொலியெஸ்டர் 0.4 மட்டுமே. இழைக்குள் போன ஈரம் தோலில் பிசுபிசுக்காது. பகலில் காற்றுப் படும்போது வெளியேறிவிடும். பொலியெஸ்டர் மேல்விரிப்பும், அதன் கீழ் நுண்துளை அடைந்த நுரையும் உள்ள மெத்தையில் முதுகு நனைவதற்கு இந்த எண்களே சாட்சி. உடற்சூட்டில் இளகி உடலைக் கவ்விக்கொள்ளும் நினைவு நுரை, 1960களில் விமான ஆசனங்களுக்காகப் பிறந்தது. குளிரூட்டி இல்லாத தம்புள்ளை அறைக்கு அது பொருந்தாது என்பதே என் எண்ணம்.

கம்பளியின் கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது. குளிர்நாட்டு மெத்தையில் அது அரசன். இங்கே பூச்சி அரிப்பையும் விலையையும் சேர்த்துப் பார்த்தால், மெல்லிய ஓர் அடுக்குக்கு மேல் தேவையில்லை. கண்டலம குளத்துப் பக்கத்து விடுதிகளின் குளிரூட்டிய அறைக்கு அது சரி. வீட்டுக்குப் பருத்தி போதும். அதன் கீழே தும்பும் ஸ்பிரிங்கும் இருக்கட்டும்: நாம் புரளும் ஒவ்வொரு தடவையும் சுருள்கள் துருத்தி போல வேலை செய்து, ஈரக் காற்றை வெளியே தள்ளிப் புதுக் காற்றை உள்ளே இழுக்கும். பாய்க்கும் தரைக்கும் நடுவே கிடைக்காத வசதி அது. மெத்தைக்குக் கீழே முழுப்பலகை போட்டு அந்தக் காற்றோட்டத்தை அடைத்துவிடக் கூடாது. இடைவெளி விட்ட சட்டங்களே நல்லது.

சென்ற வருடம் எங்கள் வீட்டு மெத்தையை அறுத்துப் பார்த்தேன். ஒன்பது வருடம் படுத்தது. வாங்கும்போது இயற்கை நார் மெத்தை என்று சொல்லி விற்றார்கள், சீட்டிலும் அப்படியே இருந்தது. முற்றத்தில் போட்டுத் தையலை வெட்டி உறையை உரித்தேன். உறை பருத்திதான். அதன் கீழே மூன்று விரல் தடிப்பில் மஞ்சள் நுரை. நடுவில் நசுங்கி, தொட்டால் பொடியாக உதிர்ந்தது. இயற்கை நார் என்று அவர்கள் சொன்னது உறையையும், நுரைக்கும் கம்பிக்கும் நடுவே ஒரு விரல் தடிப்பில் இருந்த தும்புப் பாளத்தையும். அதற்கும் கீழே, ஒன்றோடொன்று கட்டிய சுருள்கள், இடுப்புப் பக்கத்தில் துரு. என் முதுகு ஐந்து வருடமாக முறையிட்ட பள்ளம் கம்பியில் இல்லை, நுரையில் இருந்தது. கோபம் வந்தது. ஆனால் அந்தத் தும்புப் பாளத்தை உருவி வெளியே எடுத்து, முழங்கையால் அழுத்திவிட்டு விட்டேன். எழுந்து நின்றது. ஒன்பது வருடத்துக்குப் பிறகும்.

அதன் பிறகு கடைக்குப் போனபோது எதைக் கேட்பது என்று தெரிந்திருந்தது. கடைக்காரர் வயதானவர், பெரிய மெத்தை ஒன்றின் மேல் இரண்டு கையையும் ஊன்றிக் காட்டினார்.

“நானா, இதில தும்பு எத்தனை அங்குலம்? நுரை என்ன நுரை, இறப்பர் பாலா, வேற சாமானா?”

அவர் என்னை ஒரு தரம் பார்த்தார். பிறகு ஓரத்து ஸிப்பை இழுத்துத் திறந்து காட்டினார். “இறப்பர் பால்தான் தம்பி. ஆனா நீங்க கையால அமத்திப் பாக்கிறதில ஒண்டும் விளங்காது. செருப்பக் கழட்டிட்டுப் படுங்க. வீட்டில எந்தப் பக்கம் படுப்பீங்களோ அந்தப் பக்கம் படுங்க.”

அவர் சொன்னது சரி. கை அழுத்துவது நாலு அங்குல வட்டத்தை. உடல் அழுத்துவது ஐந்தரை அடி நீளத்தை. கால்மணி நேரம் படுக்க வேண்டும். பக்கவாட்டில் படுப்பவருக்குத் தோளும் இடுப்பும் ஆழமாக இறங்க இடம் வேண்டும், இல்லாவிட்டால் முதுகெலும்பு நடுவில் தொங்கும். மல்லாந்து படுப்பவர் இடுப்புக்குக் கீழே கையை நுழைத்துப் பார்க்கலாம்: கை தாராளமாகப் போய்வந்தால் மெத்தை விறைப்பு அதிகம், நுழையவே மறுத்தால் இளக்கம் அதிகம். முதுகுவலிக்குப் பலகை போன்ற படுக்கைதான் மருந்து என்று நம்மில் பலர் நம்புகிறோம். 2003இல் லான்செட் இதழில் கொவாக்ஸ் குழுவினர் வெளியிட்ட ஸ்பெயின் ஆய்வில், நாட்பட்ட கீழ்முதுகு வலி உள்ள 313 பேருக்கு விறைப்பான மெத்தையையோ நடுத்தர விறைப்பு மெத்தையையோ கொடுத்து 90 நாள் கழித்துப் பார்த்தார்கள். நடுத்தரத்தில் படுத்தவர்களுக்கே வலி கூடுதலாகக் குறைந்திருந்தது. பலகையில் படுக்கச் சொல்லும் பெரியவர்களிடம் இதை மரியாதையோடு எடுத்துச் சொல்லுங்கள்.

உறை பருத்தி என்பதற்காக உள்ளே எல்லாம் இயற்கை என்று எண்ண வேண்டாம். இறப்பர் நுரை என்று எழுதியிருந்தால் முழுக்க மரத்துப் பாலா, செயற்கை இறப்பர் கலந்ததா, சுண்ணத்தூள் சேர்த்துக் கனம் ஏற்றியதா என்று கேளுங்கள். மேலிருந்து கீழ்வரை கயிற்றால் குத்தித் தைத்து, இடையிடையே முடிச்சுப் போட்ட மெத்தைகளில் நார் அடுக்குகள் நழுவாது. ஒட்டுப்பசையை மட்டும் நம்பிய மெத்தையில் நழுவும். நார் அடைத்த எந்த மெத்தையும் முதல் சில மாதத்தில் உடல் பதிந்த அடையாளம் காட்டும், அது பழுதல்ல. தலை கால் மாற்றியும், இருபக்கமும் படுக்கக்கூடியதானால் புரட்டியும் போட்டால் அடுக்குகள் சமமாகப் படியும். ஒரு பக்கம் மட்டும் படுக்கும்படி செய்தவற்றுக்கு அவ்வளவு ஆயுள் கிடையாது. அதனால் என் தேர்வு இருபக்கத்தது. கனமாகத்தான் இருக்கும், வீட்டில் இரண்டு பேர் பிடிக்க வேண்டும்.

வெயிலில் போடுவது பற்றி ஒரு சொல். இலவும் பருத்தியும் தும்பும் வெயிலுக்கு மகிழும். நார்களுக்குள் நின்ற ஈரம் போய், உண்ணிப் பூச்சிகளுக்கு வேண்டிய ஈரப்பதனும் குறையும். இறப்பர் நுரை அப்படியல்ல. நேர் வெயிலும் ஓசோனும் அதன் சங்கிலிகளை அறுக்கும், நுரை காய்ந்து வெடிக்கும். அதை நிழலில், காற்றில், உறையைக் கழற்றி நிறுத்தி வைக்க வேண்டும். இந்த வேறுபாடு தெரியாமல் நல்ல இறப்பர் தலையணை ஒன்றை நானே ஒரு பங்குனி வெயிலில் பாழாக்கியிருக்கிறேன்.

அறுத்த மெத்தையின் கம்பியைப் பழைய இரும்பு எடுப்பவருக்குக் கொடுத்தேன். நுரையைச் சாக்கில் கட்டிக் குப்பை வண்டிக்கு வைத்தேன். தும்புப் பாளத்தைக் குழாயடியில் அலசி, இரண்டு நாள் காயவைத்து, வெட்டி, வாசல் வாங்கில் போட்டிருக்கிறோம். மத்தியானத்தில் தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்தில் மூட்டை ஏற்றிவிட்டு அந்த வழியால் வரும் நாட்டாமை ஒருவர் அதில் கொஞ்ச நேரம் சரிந்து படுப்பார். அவர் எழுந்து போன பிறகு போய்ப் பார்ப்பேன். பள்ளம் இருக்காது.